வீடியோ வாத்தியாருக்குக் காது கிடையாது

காரைக்குடி என்றால் சங்கீதக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீணை. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த பாணிக்கு இந்த ஊர்ப் பெயர்தான் நிலைத்தது. குருவுக்கு எதிரே உட்கார்ந்து கற்ற பாணி அது. விரல் கொஞ்சம் பிசகினாலும் எதிரே இருப்பவர் காதில் விழுந்துவிடும். இன்று அதே ஊரிலும், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலும் கிட்டார் ஆசை வந்தவர்களுக்குக் கைக்கெட்டும் வழி போனில் ஓடும் கோர்ஸ்தான். நம் சௌகரியத்துக்குப் பார்க்கலாம், நிறுத்தலாம், திரும்பப் போடலாம். பாடங்களும் நன்றாகவே இருக்கின்றன. குறை ஒன்றே ஒன்று: நீங்கள் வாசிப்பது சொல்லிக்கொடுப்பவர் காதில் விழாது.

அதனால் வாத்தியாருடைய காது செய்யும் வேலையையும் நாமே செய்தாக வேண்டும். கிட்டார் சரியாக இருக்கிறதா, எழும் சத்தம் சுத்தமா, அடுத்த பாடத்துக்குப் போகலாமா என்ற மூன்றையும் தினமும் யாராவது கேட்க வேண்டும். இதில் முதல் கேள்வியைத்தான் அநேகமாக எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாங்கிய மாதமே கிட்டார் பீரோ மேல் ஏறுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

முதலில் கருவி

ஆன்லைனில் வாங்கிய கிட்டார் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் கோர்ஸைத் திறக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, 12வது ஃபிரெட்டின் (நெக் என்னும் நீண்ட கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மேல்முனையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். தடித்த ஆறாவது கம்பியில் 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் 2 மி.மீ. இருந்தால் நல்லது. 3 மி.மீ. வரை சமாளிக்கலாம். 3.5 மி.மீ.க்கு மேல் போனால் விரலுக்குத் தண்டனைதான். அதை வைத்துக்கொண்டு, "எனக்கு விரல் பலம் இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர்.

ஆக்‌ஷன் ஏன் உயர்கிறது என்று பார்க்கும்போது முதலில் நெக்கைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு, நெக் உடம்போடு சேரும் 14வது ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திக்கொள்ளுங்கள். 7வது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மி.மீ., சந்து இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடை ஆலன் கீயால் வலப்பக்கமாகக் கால் சுற்று திருகி, மறுபடி சுருதி சேர்த்து அளந்து பாருங்கள். சந்தே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகு மறுத்தால் பலத்தைக் காட்டாமல் விட்டுவிடுங்கள். விலை மலிந்த கிட்டார்களில் அந்த ராடு பேருக்குத்தான் இருக்கும்.

நெக் நேராக இருந்தும் ஆக்‌ஷன் உயரமாக இருந்தால் கீழே, கம்பிகளைப் பூட்டும் பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டையான சேடிலைத் தேய்க்க வேண்டும். இதில் ஒரு கணக்கு உண்டு. 12வது ஃபிரெட், கம்பி நீளத்தின் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 1 மி.மீ. குறைக்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்திச் சேடிலை உருவி, குறைக்க வேண்டிய அளவுக்குப் பென்சில் கோடு போட்டுக்கொண்டு, அடிப்பக்கத்தை மட்டும் 220 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். மேல்பக்கத்தில் இருக்கும் வளைவைத் தொடக் கூடாது. உப்புத்தாளை ஒட்டிக்கொள்ள மட்டமான தளம் வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆத்தங்குடிக் கல்லே கண்ணாடி மேல் வார்ப்பதுதான். வீட்டில் மிச்சம் கிடக்கும் கல் ஒன்று போதும், தரையில் போட்டுத் தேய்த்து ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். அடிப்பக்கம் கோணலாகிவிட்டால் ஒரு பக்கக் கம்பிகள் அமுங்கிப்போய்ச் சத்தம் குறையும். அதனால் பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நெக்கின் மேல்முனையில் கம்பிகள் பதியும் வெட்டுகள் கொண்ட பட்டையான நட்டையும் சோதிக்க வேண்டும். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் ஃபிரெட்டுக்கு மேலே மயிரிழைச் சந்துதான் தெரிய வேண்டும். விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைந்தால் நட்டின் வெட்டு ஆழம் போதவில்லை. அந்தக் கிட்டாரில் எஃப் கார்ட் (கார்ட் என்றால் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) யாருக்குமே எளிதில் வராது. இதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். ஒரு இழுப்பு கூடிப்போனாலும் திறந்த கம்பி, அதாவது விரல் வைக்காத கம்பி, இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும். மதுரைக்கோ திருச்சிக்கோ போகும்போது கிட்டார் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டீல் கம்பியா நைலான் கம்பியா என்ற கேள்வி எப்போதும் வரும். சினிமாப் பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டு பாட வேண்டுமென்றால் ஸ்டீல். சின்னப் பிள்ளைகளுக்கும், தனித்தனிக் கம்பியாக மீட்ட விரும்புகிறவர்களுக்கும் நைலான். நைலானில் விரல் வலி குறைவு. ஆனால் நெக் அகலம், நட்டில் சுமார் 52 மி.மீ. இருக்கும். ஸ்டீல் கிட்டாரில் 43 மி.மீ. சுற்றுதான். நைலான் கிட்டாரில் ஒருநாளும் ஸ்டீல் கம்பி பூட்டாதீர்கள். 12–53 அளவு (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ஸ்டீல் செட் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், நைலான் செட் நாற்பது கிலோ அளவில்தான் இழுக்கும். பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்டீலிலேயே ஆரம்பிக்கிறவர்களுக்கு 10–47 அல்லது 11–52 போதும். பெட்டியோடு வரும் கம்பி கடையில் எத்தனை காலம் கிடந்ததோ, அதை முதல் நாளே கழற்றிவிடலாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கிட்டார் ஏதாவது கண்ணில் பட்டால் முகப்பில் மாட்டுவதற்கு வாங்குங்கள், பழகுவதற்கு வேண்டாம்.

சுருதி, கட்டை, கேப்போ

தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எண்ணும்போது மட்டும் மெல்லிய கம்பிதான் முதலாவது. போன் ஆப்பில் சுருதி சேர்க்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சலில் முள் அலைபாயும். தலையில் கவ்வும் கிளிப் ட்யூனருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது அதிர்வைத்தான் படிக்கும். எப்போதும் சுருதிக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலேயிருந்து இறக்கி நிறுத்தினால் குமிழில் இருக்கும் தளர்ச்சியால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். முதல் கம்பி படக்கென்று அறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஆப் 'ஈ' என்று காட்டும்வரை சுற்றிக்கொண்டே போய் ஸ்தாயி மாறிவிடுவது. முதல் கம்பிக்கு 329.6 ஹெர்ட்ஸ், ஆறாவதுக்கு 82.4 ஹெர்ட்ஸ். எழுத்தோடு எண்ணையும் காட்டும் ஆப்பாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கோர்ஸ் எதுவும் சொல்லாத ஒன்று நம் வீடுகளில் முதல் வாரமே தேவைப்படும். யாராவது பாட உட்கார்ந்தால் "ஐந்தரைக் கட்டை" என்பார்கள், "ஜி ஷார்ப்" என்று சொல்ல மாட்டார்கள். கணக்கு எளிது. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டைகள் ஹார்மோனியத்தில் இடையில் வரும் கறுப்புக் கட்டைகள். சி குடும்பக் கார்ட்களை மட்டும் தெரிந்துகொண்டு கேப்போவை முதல் ஃபிரெட்டில் போட்டால் ஒன்றரை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் இரண்டரை, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் நான்கு. அதற்கு மேல் ஏற்றினால் கிட்டார் கீச்சென்று ஒலிக்கும். ஐந்து கட்டைக்குக் கேப்போவை எடுத்துவிட்டு ஜி குடும்பத்துக்கு மாறுங்கள். அதில் முதல் ஃபிரெட் கேப்போ ஐந்தரை, இரண்டாவது ஆறு. பெண் குரல்களில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் கோர்ஸின் ஸ்கேல் பாடங்களில் பயப்பட ஒன்றுமில்லை. மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், இயல்பான மைனர் நடபைரவி, மேஜர் பென்டடானிக் மோகனம், மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. கமகம் கிடையாது, அவ்வளவுதான். வீணை கற்றவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலுமே ஓடிப் பழகியவை. கிட்டாரில் மோதிர விரலும் சுண்டுவிரலும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும். அவர்கள் கார்ட் பாடத்துக்கு முன் நான்கு விரலையும் அடுத்தடுத்த நான்கு ஃபிரெட்டில் வைத்து ஏறி இறங்கும் பயிற்சியை ஒரு வாரம் கூடுதலாகச் செய்யலாம்.

சத்தம் சுத்தமா?

கார்ட் பிடித்ததும் சேர்த்து மீட்டிப் பார்த்துச் சரி என்று விடாதீர்கள். ஒவ்வொரு கம்பியாக மெதுவாக மீட்டுங்கள். எந்தக் கம்பி எப்படிக் கெடுகிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும். ஜிர்ரென்று இரைந்தால் விரல் ஃபிரெட்டுக்குத் தூரத்தில் இருக்கிறது, பின்னுக்கு வைப்பதை விட்டு ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். பாதி அழுத்தம் போதும். டப்பென்று செத்த சத்தம் வந்தால் பக்கத்து விரல் சாய்ந்து அந்தக் கம்பியைத் தொடுகிறது.

சி கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃபிரெட்டிலும், நடுவிரல் நான்காவது கம்பி இரண்டாவது ஃபிரெட்டிலும், ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பி முதல் ஃபிரெட்டிலும் இருக்கும். மூன்றாவது கம்பியும் முதல் கம்பியும் திறந்தவை. முதல் கம்பி ஒலிக்கவில்லை என்றால் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு மடங்கிப் படுத்திருக்கிறது. மூன்றாவது ஒலிக்கவில்லை என்றால் குற்றவாளி நடுவிரல். நான்காவது செத்தால் மோதிர விரல் அதன்மேல் சாய்கிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். கட்டை விரலை நெக்கின் பின்னால் சற்று இறக்கி, மணிக்கட்டை முன்னால் தள்ளுங்கள், விரல்கள் தாமே நிமிரும். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

விரல்நுனி வலி மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்ததும் போய்விடும். பாத்திரம் கழுவி ஊறிய விரலோடு உட்கார வேண்டாம், தோல் கிழியும். நாளுக்கு இருபது நிமிடம், முடிந்தால் காலையில் பத்து மாலையில் பத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது பலன் தராது. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

எப்போது அடுத்த பாடம்?

நம் வேகத்தில் படிக்கலாம் என்பதே இந்தக் கோர்ஸ்களின் கவர்ச்சி, ஆபத்தும் அதில்தான். வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓட ஆரம்பிக்கும். பார்த்தது புரிந்துவிடும், கைக்கு வந்திருக்காது. ஜஸ்டின் சாண்டர்கோவின் ஜஸ்டின்கிட்டார் தளத்தில் ஆரம்பப் பாடங்கள் இலவசம். அங்கே அவர் வலியுறுத்தும் ஒரு நிமிடப் பயிற்சியை, எந்தக் கோர்ஸ் எடுத்தவர்களும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கார்ட்களை எடுத்துக்கொண்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். முப்பது வந்தால் அந்த ஜோடியைத் தாளத்தோடு வாசிக்க ஆரம்பிக்கலாம். அறுபது வந்தால் அந்த ஜோடிக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். முப்பதுக்குக் கீழே இருக்கும்போது புதுப் பாடம் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மாற்றும்போது எல்லா விரலையும் தூக்காதீர்கள். ஏ மைனரிலிருந்து சிக்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும், மூன்றாவது கம்பியிலிருந்து ஐந்தாவதுக்கு. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு விரல் அமைப்பே மாறாது, மூன்று விரலும் ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும். எது நகர வேண்டாம் என்று பார்ப்பதுதான் வேகம் தரும்.

வலது கைக்கு "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று எண்ணச் சொல்வார்கள். நமக்குச் சொல்கட்டு இருக்கும்போது அது எதற்கு? த-க-தி-மி-த-க-ஜு-ணு என்று எட்டு. ஒற்றைப்படை எழுத்தில் கை கீழே, இரட்டைப்படையில் மேலே. கை ஒரு எழுத்துக்கும் நிற்கக் கூடாது. கம்பியைத் தொடுவதா, காற்றில் போவதா என்பது மட்டுமே மாறும். எல்லாக் கோர்ஸிலும் வரும் அந்தப் பிரபலமான ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைச் சேர்த்து வீசி மீட்டும் முறை) இப்படி அமையும்: 'த' கீழே, 'க' காற்றில், 'தி' கீழே, 'மி' மேலே, அடுத்த 'த' காற்றில், 'க' மேலே, 'ஜு' கீழே, 'ணு' மேலே. எல்லோரும் தடுக்குவது அந்த ஐந்தாவது எழுத்தில்தான். அங்கே கை நின்றுவிட்டால் அடுத்த மேல்வீச்சு தாமதமாகும். முதலில் இடது கையால் கம்பிகளை அழுத்தாமல் லேசாக மூடிக்கொண்டு, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி அல்லது ஆப்) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாயால் சொல்லிக்கொண்டே வீசுங்கள். கம்பியை மீட்டும் தகடான பிக் மெல்லியதாக, 0.6 முதல் 0.73 மி.மீ. வரை இருக்கட்டும். தடித்த பிக் ஆரம்பத்தில் கம்பியில் சிக்கும்.

தமிழ்ப் பாட்டில் ஏராளமாக வரும், மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு இதே மாற்று வீச்சு சரிப்படாது. தகிட தகிட என்ற ஆறில் கீழ்-மேல் என்று மாற்றிக்கொண்டே போனால் நான்காவது எழுத்து, அதாவது இரண்டாவது 'த', மேல்வீச்சில் விழுந்து அழுத்தம் போய்விடும். கேட்பவருக்கு நடையே மாறின மாதிரி இருக்கும். ஒவ்வொரு தகிடவையும் கீழ்-கீழ்-மேல் என்று வாசித்தால் இரண்டு 'த'வும் கீழே விழும்.

எஃப் கார்டில் வந்து கோர்ஸை நிறுத்துகிறவர்கள் அதிகம். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக நிற்பதால் முதல் ஃபிரெட்டில் முழு விரல் படுக்கை போடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதே அமைப்பை ஐந்தாவது ஃபிரெட்டில் போட்டால் ஏ மேஜர். அங்கே பழகி, நான்கு, மூன்று, இரண்டு என்று வாரத்துக்கு ஒரு ஃபிரெட்டாக இறங்குங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டை விரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டினால் எலும்புப் பக்கம் அழுத்தும். அதுவரை பாட்டை நிறுத்த வேண்டாம், எஃப் மேஜர் செவனைப் போட்டு ஓட்டலாம்.

வீடும் வெயிலும்

செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தால் கிட்டார் பிரமாதமாகக் கேட்கும். கல் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அந்த முழக்கம் கார்ட் மாறும் இடத்து இடைவெளியை மூடி மறைத்துவிடும், செத்த கம்பியும் தெரியாது. பழகுவதற்கு மெத்தை, தலையணை, துணி அலமாரி இருக்கும் சின்ன அறைதான் சரி. அங்கேயே போனை ஒரு மீட்டர் தள்ளி நாற்காலியில் வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசித்த உடனே கேட்டால் காது இன்னும் கையின் பக்கமே பேசும்.

மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. சித்திரை வைகாசியில் நம் பக்கம் காற்று வறண்டு, ஃபிரெட் பதித்த பலகையான ஃபிரெட்போர்டு சுருங்கி, ஃபிரெட் ஓரங்கள் கையைக் கீறும். ஐப்பசி கார்த்திகை மழையில் மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும். அதனால் சேடில் தேய்ப்பதை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். கோடையில் கம்பி ஃபிரெட்டில் இடிக்கும். வளவுப் பக்கம், உள்முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் சாய்த்து வைப்பது, பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போவது இரண்டும் வேண்டாம். பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

கம்பி துருப்பிடிப்பதற்கு வியர்வையும் எண்ணெய்க் கையும் போதும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே காரைக்குடியில்தான் இருக்கிறது, ஆனாலும் நம் கம்பியை நாம்தான் துடைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கமும் ஒரு இழுப்பு. ஃபிரெட்போர்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், சிக்கு வாடை அடிக்கும்.

கடைசியாக, வெளியே ஒரு காதையும் தேடிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடகருக்கேற்ப உடனுக்குடன் வாசித்துப் பழகியவர்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசை கிரேடு தேர்வுகளை வீடியோ அனுப்பியும் எழுதலாம், மதிப்பெண்ணோடு குறிப்பும் வரும். நேரில் யாரிடமாவது போனால் பாட்டு வாசித்துக் காட்டிப் பாராட்டு வாங்குவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சி கார்டை ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் காட்டுங்கள், மெட்ரோனோமோடு இரண்டு நிமிடம் ஸ்ட்ரம் செய்யுங்கள், உங்களுக்கு வராத ஒரு மாற்றத்தை மெதுவாகச் செய்து காட்டி, எந்த விரல் முதலில் தாமதிக்கிறது என்று கேளுங்கள்.